பேரிங்குக்குப் போட்ட மாலை

போன மாதம் நம் திருமுடிவாக்கம் சர்வீஸ் ஷெட்டுக்கு, வேலை பழகுகிற உங்களையெல்லாம் பார்க்க வந்திருந்தேன். டீ ஆறுவதற்குள் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கேட்டுவிட்டாள், "மேடம், புல்வெட்டுற வண்டிக்கு கிரீஸ் அடிக்கிற பேரிங் நல்லதா, சீல் போட்ட பேரிங் நல்லதா?" வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நானும் இதையேதான் கேட்டேன். உங்களுக்குப் பிறகு வருகிறவர்களும் கேட்பார்கள். அன்றைக்கு பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஒப்புக்கு எதையோ சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தும் மனசு கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவள் கேட்டதற்கு நேரான பதில் உங்கள் கையில் இருக்கிற போனிலேயே கிடைக்கும். உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் வண்டியின் வயிற்றுக்கு அடியில் ஒரு இரும்புத் தட்டு இருக்கிறது, டெக் என்கிறோம். அதில் தண்டுகள் தொங்குகின்றன, தண்டின் நுனியில் கத்தி. ஒவ்வொரு தண்டும் மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு பேரிங்குகளுக்குள், அதாவது இரும்புக் குண்டுகள் அடைத்த வளையங்களுக்குள், சுழல்கிறது. பழைய வகையில் ஒரு சின்ன முலைக்காம்பு மாதிரி நிப்பிள் இருக்கும், அதில் கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினால் புது கிரீஸ் உள்ளே போகப் போக பழைய அழுக்கு வெளியே வழியும். சீல் போட்ட வகையில் அந்த வேலையே கிடையாது. செய்கிறவனே கிரீஸை அடைத்து, இரண்டு பக்கமும் ரப்பர் உதடு வைத்து மூடி அனுப்பிவிடுகிறான். முன்னது வாரம் தவறாமல் போய்ப் பார்க்கவேண்டிய மாமியார். பின்னது தானுண்டு தன் வேலையுண்டு என்று இருக்கிற பக்கத்து வீட்டுக்காரர், அவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்பதே கதவை உடைக்கும்போதுதான் தெரியும். இவ்வளவுதான் விஷயம். இதை வைத்துக்கொண்டு நீங்கள் பரீட்சையில் தேறிவிடலாம்.

ஆனால் நான் இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் இருந்ததற்குக் காரணம் வேறு. அப்போது நம் ஷெட் குரோம்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருந்தது. நல்ல உழைப்பு உழைத்துவிட்டு வந்த ஒரு சீல்ட் பேரிங்கின் ரப்பரை ஒருநாள் ஊசியால் நெம்பி எடுத்துப் பார்த்தேன். வெளியே ஒரே சேறு, துரு, காய்ந்த புல். உள்ளே கிரீஸ் தேன் நிறத்தில், அப்போதுதான் வைத்த மாதிரி இருந்தது. குண்டுகள் ஒவ்வொன்றிலும் என் முகம் தெரிந்தது. இரண்டு விரலால் பிடித்துச் சுழற்றினேன். சத்தமே இல்லாமல் சுழன்றது. இத்தனை மழையும் மண்ணும் பார்த்துவிட்டு இவ்வளவு சுத்தமாக ஒன்று இருக்க முடியுமா என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஷெட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து என் பெயர் பேரிங் மேடம். டிப்ளமா முடித்து வந்த பெண் பிள்ளைக்கு அதைவிட மோசமான பெயர்களும் கிடைத்திருக்கலாம், அதனால் நான் வருத்தப்படவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முடிச்சூர் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துக்கு நான்தான் சர்வீஸுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பெயர் வேண்டாம். பெரிய வளாகம், பெரிய மைதானம். வெளிநாட்டு நண்பர்கள் யாரோ எப்போதோ கொடுத்த உட்கார்ந்து ஓட்டும் வண்டி ஒன்று அவர்களிடம் இருந்தது. சிவப்பு பெயின்ட் வெளுத்து செங்கல் நிறமாகியிருந்தது. அதை ஓட்டுகிறவர் பெயர் பாளையம். எனக்கு ஏழெட்டு வயது மூத்தவர், பாளையம் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் சூம்பிப்போனவர். கக்கத்தில் இரண்டு கட்டைகளை ஊன்றி நடப்பார். பெடலுக்குப் பதிலாகக் கையால் இழுக்கிற மாதிரி வண்டியில் ஒரு லீவரை வெல்டிங் வைத்துக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தபடி அவரால் செய்யமுடிகிற வேலை அது ஒன்றுதான் இருந்தது. வண்டி மேல் ஏறிவிட்டால் ஆளே மாறிவிடுவார். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அவர் ஓட்டிப்போகிற கோட்டை நூல் பிடித்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது.

அந்த வண்டியில் இருந்தது கிரீஸ் அடிக்கிற பேரிங். நிப்பிள் டெக்குக்கு அடியில், குனிந்து தரையோடு தரையாகப் படுத்தால்தான் எட்டும். பாளையம் அண்ணனால் அது முடியாது. வாட்ச்மேனைக் கெஞ்சுவார். வாட்ச்மேன் ஒரு வாரம் அடிப்பார், ஒரு வாரம் "அடிச்சாச்சுப்பா" என்று வாயால் அடிப்பார். மழைக்காலம் வந்தால் வண்டி படுத்துவிடும். இரண்டு மூன்று வருஷம் இப்படியே போனது. பள்ளிக்கூடத்தின் கரஸ்பாண்டென்ட் ஓய்வு பெற்ற ஆசிரியர், கண்டிப்பானவர், கமிட்டிக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அவர் என்னைக் கூப்பிட்டு, "இந்த வண்டியைக் கண்டம் பண்ணிக் கழிச்சுடலாம்னு கமிட்டியில சொல்றாங்க. தள்ளிட்டுப் போற மிஷின் வெச்சிருக்கிற கான்ட்ராக்டர் ஒருத்தர் வரேன்னு சொல்றார். நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். பாளையம் அண்ணன் கதவுக்கு வெளியே நின்றிருந்தார். தள்ளிக்கொண்டு நடக்கிற மிஷினுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

சீல் போட்ட பேரிங்கை மாற்றிப் பார்க்கலாம் சார், கிரீஸே அடிக்காமல் ஆயுசுக்கும் வரும் என்றேன். அவர் யோசித்தார். "சரி. மாத்துங்க. ஸ்போர்ட்ஸ் டேக்கு முன்னால கிரவுண்டை ஒரே மூச்சில வெட்டி முடிக்கணும். நடுவுல நின்னா நான் கமிட்டிக்கு ஒத்துக்கிட்டே ஆகணும்" என்றார்.

அளவு பார்த்து, தண்டைக் கடைசல் பட்டறைக்குக் கொடுத்து, எல்லாத் தண்டிலும் சீல்ட் பேரிங்கை ஏற்றினேன். ஏற்றும்போது பாளையம் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இன்னா மேடம், இதுக்கு கிரீஸே வோணாமா?"

"வேணாம் அண்ணா."

"ஆயுசுக்கும்?"

"அதோட ஆயுசுக்கும் வேணாம்."

அதைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்போ நான் இனிமே யார் கையையும் புடிச்சுகினு நிக்க வோணாம்" என்றார். குழந்தையைத் திருப்பித் தருவது மாதிரி இரண்டு கையாலும் அதை என்னிடம் கொடுத்தார். ரப்பர் உதட்டைத் திறந்து பார்த்து நான் சிலிர்த்ததை ஷெட்டில் எல்லோரும் கேலி செய்தார்களே, அந்தச் சிலிர்ப்பு இன்னொரு முகத்தில் வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஆயுத பூஜை வந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆயுத பூஜை கிடையாது. ஆனால் பின்பக்கம் வண்டி நிறுத்துகிற கொட்டகையில் வருஷா வருஷம் அது நடக்கும். எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறந்து கேட்பதில்லை. வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, ஸ்டியரிங்கில் ஒரு மாலை. அந்த வருஷம் பாளையம் அண்ணனுக்கு அது போதவில்லை. தன்னைக் காப்பாற்றியது ஸ்டியரிங் இல்லை என்று அவருக்குத் தெரியும். அதனால் வாட்ச்மேனை டெக்குக்கு அடியில் படுக்கச் சொல்லி, புது பேரிங் இருக்கிற நடுத்தண்டைச் சுற்றி, கத்திக்கு மேலே, ஒரு சின்ன சாமந்தி மாலையைக் கட்டச் சொல்லியிருக்கிறார். மார்க்கெட்டில் கிடைக்கிற ஜிகினா வைத்த மாலை, நைலான் நூலில் கோத்தது. மறுநாள் வாட்ச்மேன் படுத்துப் பூவை உருவிப் போட்டார். நூல் தண்டோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது, பிறகுதான் தெரிந்தது.

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கான கதை என்பது இதுதான். தண்டு சுழலும்போது அதில் சுற்றிய நூல் சும்மா இருக்காது. இறுகி இறுகி மேலே ஏறும். ரப்பர் உதட்டுக்கு அடியில் நுழைந்து அதை அறுக்கும். பழைய வகையாக இருந்தால் அடுத்த முறை கிரீஸ் அடிக்கும்போது அழுக்கு வெளியே வந்திருக்கும், தண்ணீரைத் தள்ளியிருக்கும், கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். சீல் போட்டது மன்னிக்காது. ஒரு தடவை உதடு கிழிந்தால் முடிந்தது, உள்ளே புதிதாக எதையும் கொடுக்க வழியில்லை.

ஸ்போர்ட்ஸ் டேக்கு முந்தின வாரம் மழை இரண்டு நாள் விட்டிருந்தது. காலையிலேயே நான் போய்விட்டேன். கரஸ்பாண்டென்ட் வராந்தாவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். பாளையம் அண்ணன் ஓட்ட ஆரம்பித்தார். புல் முழங்கால் உயரம், அடியில் ஈரம். வண்டி முனகாமல் போனது. பாதி மைதானம் முடிந்தது, முக்கால் மைதானம் முடிந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. கடைசியில் வேலிப் பக்கம் நாலைந்து வரிசைதான் பாக்கி. அந்தப் பக்கம் பிள்ளைகள் மார்ச் பாஸ்ட் பழகிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டையும் கேன்வாஸ் ஷூவுமாகச் சின்ன வகுப்புப் பிள்ளைகள்.

வண்டி திரும்பி அந்தப் பிள்ளைகளைப் பார்த்துப் போக ஆரம்பித்ததும் நின்றது. எஞ்சின் சத்தமும் அடங்கியது.

நான் ஓடினேன். "என்னாச்சு அண்ணா?"

"தெரியல மேடம்."

"சத்தம் கேட்டுதா?"

"சத்தம்லாம் ஒண்ணியும் இல்ல. சீட்டுக்குக் கீழ இன்னாவோ வேற மாரி கீது."

"வேற மாதிரின்னா?"

"சொல்லத் தெரியல. தெனம் உக்கார்ற எடம், அதான்."

நான் குனிந்து பார்த்தேன். புல் அப்பிக்கிடந்தது, ஒன்றும் தெரியவில்லை. என் வாய் வரைக்கும் வந்தது, "இன்னும் நாலு வரிசைதானே அண்ணா, மெதுவா முடிச்சுடுங்க" என்று. பாக்கியிருந்தது அவ்வளவுதான். அதை முடித்தால் வண்டி தப்பும், அவர் வேலை தப்பும். அவருக்கும் அது தெரியாதா. என் முகத்தைப் பார்த்தே நான் நினைத்ததைப் புரிந்துகொண்டவர் மாதிரி, "பசங்க நிக்கிறாங்க மேடம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கரஸ்பாண்டென்ட் புல்லில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்துசேர்ந்தார். "ஏன் நின்னுடுச்சு?"

பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம், பெல்ட் நழுவிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நானே சொல்லத் தயாராக இருந்தேன். பாளையம் அண்ணன் சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அது நிக்கல சார். நான்தான் நிறுத்துனேன்" என்றார்.

நீங்கள் பெரிய பெரிய வண்டிகளைப் பார்க்கப் போகிறீர்கள். அதில் மீட்டர் இருக்கும், சிவப்பு விளக்கு எரியும், கணினி சொல்லும். சொல்லட்டும். எல்லாம் சொல்லி முடித்த பிறகும் ஒரு இடத்தில் உங்களுக்கு ஒன்றும் நிச்சயமாகத் தெரியாமல் இருக்கும். அப்போது கை எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் தொழில். தெரிந்து நிறுத்துவது பெரிய விஷயமில்லை, அதை யாரும் செய்வார்கள். எதுவும் தெரியாமல், நிறுத்தினால் நஷ்டம் தனக்குத்தான் என்று மட்டும் தெரிந்து, சாவியைத் திருப்பிய ஒரு கையை நான் பார்த்திருக்கிறேன். எத்தனையோ மேதாவிகளோடு வேலை பார்த்துவிட்டேன், அப்படி ஒரு பிரமிப்பு எனக்கு வேறெங்கும் வரவில்லை.

வண்டியிலிருந்து அவரை இறக்கிவிட்டு, டெக்கைப் பிடித்திருந்த பின்களைக் கழற்றி அதை வெளியே இழுத்தேன். மார்ச் பாஸ்ட் பழக்கிக்கொண்டிருந்த பி.டி. மாஸ்டர் ஒரு கை கொடுத்தார். டெக்கைத் திருப்பிப் போட்டு நடுக்கத்தியைக் கையால் தொட்டேன். ஆடியது. அது ஆடக்கூடாது, ஒரு மயிரிழை ஆடக்கூடாது. இது பல் ஆடுகிற மாதிரி ஆடியது. தண்டை உருவியதும் கீழ் பேரிங்கில் குண்டுகளைப் பிடித்திருக்கிற கூடு தூள் தூளாகப் புல்லில் கொட்டியது. குண்டுகள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன. இன்னும் ஒரு வரிசை ஓடியிருந்தால் கத்தி தண்டோடு சாய்ந்து டெக்கைக் கிழித்திருக்கும். கிழித்துவிட்டு எந்தப் பக்கம் போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பி.டி. மாஸ்டர் எழுந்துபோய்ப் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பினார்.

அதே தண்டின் மேல் பேரிங்கை ஊசியால் திறந்தேன். தேன் நிறம். ஒரு தூசு இல்லை. ஒரே தண்டு, நடுவில் ஒரு சாண் தூரம்கூட இல்லை, மேலே ஒன்று புதுப்பெண் மாதிரி, கீழே ஒன்று சாம்பல். என்னால் நம்ப முடியவில்லை. கீழ்ப்பக்கத்துக் கறுப்பு கிரீஸை விரலால் வழித்தேன். வெயிலில் ஏதோ பளபளத்தது. ஜிகினா. அதோடு உருகிச் சுருண்ட நைலான் நூல். எனக்கு அப்போதே எல்லாம் புரிந்துவிட்டது.

"என்ன ஆச்சு? ஆயுசுக்கும் வரும்னு சொன்னீங்களே" என்றார் கரஸ்பாண்டென்ட்.

விரலை மடக்கிக்கொண்டேன். பேரிங் சரியில்லை என்று சொன்னால் வண்டி போகும். வண்டி போனால் பாளையம் அண்ணன் போவார். மாலை என்று சொன்னால் வண்டி தப்பும், அவர் போவார். அதுவும் மிஷன் பள்ளிக்கூடத்தில், யாரும் வாய் திறக்காத ஒரு பூஜையை நான் மைதானத்தின் நடுவில் போட்டு உடைத்த மாதிரி ஆகும். கரஸ்பாண்டென்ட் காத்துக்கொண்டு நின்றார்.

பாளையம் அண்ணன் கட்டைகளை ஊன்றிக் கிட்ட வந்தார். "கைய காட்டுங்க மேடம்" என்றார். நான் காட்டவில்லை. அவரே என் விரலைப் பிரித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது நான் போட்ட மால சார்" என்றார். "ஆயுத பூஜைக்கு. நம்ப கொட்டாயில வருசா வருசம் பண்ணுவோம். இந்த வாட்டி கீழ, அந்த பேரிங்குக்கே ஒண்ணு கட்டச் சொன்னேன். நான்தான் சொன்னேன், வேற யாரும் இல்ல. மேடம் போட்ட பேரிங் நல்ல பேரிங் சார். நான்தான் அத்த கொன்னுட்டேன்."

வாட்ச்மேன் பெயர் அவர் வாயில் வரவே இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, டெக்கைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். ஒரு பேரிங்கின் நல்ல பெயருக்காகத் தன் வேலையை விட்டுக்கொடுக்கிற மனுஷனை அதற்கு முன் நான் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை.

கரஸ்பாண்டென்ட் என் விரலில் இருந்த ஜிகினாவைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். பிள்ளைகள் நின்றிருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். புல்லில் கேன்வாஸ் ஷூத் தடங்கள் இருந்தன. திரும்பவும் பாளையம் அண்ணனைப் பார்த்தார்.

"பூஜை அன்னைக்கு சாயங்காலம் என் டேபிள்ல ஒரு பொட்டலம் இருந்துது" என்றார். "பொரி, கடலை, ரெண்டு துண்டு தேங்கா. யார் வெச்சாங்கன்னு நான் கேக்கல. உட்கார்ந்து பூராவும் சாப்பிட்டேன்."

"அப்போ எனக்குத் தெரியாதுன்னு நான் சொல்ல முடியாது, இல்லையா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இதே மாதிரி இன்னொண்ணு வாங்கிப் போடுங்க. பாக்கி வரிசை அப்படியே கிடக்கட்டும், அந்தப் பக்கம் கயிறு கட்டிக்கலாம். கமிட்டிக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

போகத் திரும்பியவர் நின்றார். பாளையம் அண்ணன் இன்னும் தலையைக் குனிந்துகொண்டு கட்டைகள் மேல் நின்றிருந்தார்.

"ஏன் நின்னுட்டே இருக்கீங்க பாளையம்? உட்காருங்க."

அந்த மைதானத்தில் நாற்காலியோ பெஞ்சோ எதுவும் இல்லை. பாளையம் அண்ணன் கட்டைகளை என்னிடம் கொடுத்துவிட்டு, லீவரைப் பிடித்து ஏறி வண்டி மேல் உட்கார்ந்தார்.